சாவி வாங்கும் முன் சுவரைத் தட்டிப் பார்க்கும் சேவை: கொடுக்கும் காசுக்குத் தகுமா?

சென்னையில் புது அடுக்குமாடி வீடு வாங்குகிறவர்களின் செலவுக் கணக்கில் ஒரு வரி புதிதாகச் சேர்ந்திருக்கிறது. 'வீடு தயார், வந்து பார்த்துக்கொள்ளுங்கள்' என்று பில்டரிடமிருந்து கடிதம் வந்ததும், வெளியாள் ஒருவரை அழைத்துப்போய் சுவர், தரை, குழாய், மின்சாரம் எல்லாம் சோதித்துக் குறைப்பட்டியல் எழுதி வாங்குவது. ஹோம் இன்ஸ்பெக்‌ஷன் என்று இதற்குப் பெயர். ஓ.எம்.ஆர்., போரூர், பெரும்பாக்கம் பக்கமெல்லாம் இந்தச் சேவை தாராளமாகக் கிடைக்கிறது. இங்கே எடைபோடுவது அதில் ஒரு பகுதியை மட்டும்: பூச்சு வேலை, அதாவது சுவர்மேல் பூசும் சிமெண்ட் கலவை.

அதை மட்டும் பிரித்தெடுக்கக் காரணம் உண்டு. ஒழுகும் குழாயையும் எரியாத விளக்கையும் குடிபோன முதல் வாரத்திலேயே யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். செங்கல்லை விட்டு விலகி நிற்கும் பூச்சு அப்படியில்லை. அதன்மேல் இரண்டு கை பட்டி பார்த்து, ப்ரைமர் அடித்து, பெயிண்டும் அடித்துவிட்டால் பார்வைக்குப் பளிங்குபோல இருக்கும். ஒரு கோடை, ஒரு மழைக்காலம் கழிந்தபின் அலமாரி செய்ய வந்த தச்சர் டிரில் போடும்போதுதான் தட்டு அளவுக்குப் பெயர்ந்து கையோடு வரும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். சுவர் முழுக்கத் தட்டுவதற்கும், சரிசெய்தபின் இரண்டாம் முறை வந்து பார்ப்பதற்கும் கொடுக்கும் காசு தகும். வெப்பக் கேமராவுக்கும் தலையணை பருமனில் வரும் பிடிஎஃப் அறிக்கைக்கும் கொடுப்பது பெரும்பாலும் தண்டம். கட்டணத்தைச் சதுர அடிக் கணக்கிலோ படுக்கையறைக் கணக்கிலோ சொல்வார்கள். எப்படிச் சொன்னாலும் 'எத்தனை பேர் வருவார்கள், எத்தனை மணி நேரம் இருப்பார்கள், ஏணி கொண்டுவருவார்களா' என்ற மூன்று கேள்விக்கும் பதில் வாங்காமல் முன்பணம் கட்ட வேண்டாம்.

ஏன் நேரத்தைக் கேட்க வேண்டும் என்பதற்கு ஒரு எளிய கணக்கு. 12 அடிக்கு 10 அடி அறை, உயரம் ஒன்பதரை அடி என்று வைத்துக்கொள்வோம். நான்கு சுவரும் சேர்ந்து 418 சதுர அடி. கதவு, ஜன்னல் 50 போனால் மீதி கிட்டத்தட்ட 370. சீலிங்கும் பூசியிருந்தால் அது ஒரு 120. அடிக்கு ஒரு தட்டு என்று தட்டினாலும் ஒரே அறையில் கிட்டத்தட்ட 500 தட்டு. சத்தம் மாறும் இடத்தில் நின்று, சுற்றிலும் தட்டி எல்லை பார்த்து, பென்சிலால் வளைத்துக் குறித்து, படம் எடுத்து, ஏணியை நகர்த்தி என்று போனால் அறைக்கு 25 நிமிடமாவது பிடிக்கும். மூன்று படுக்கையறை வீட்டை 'ஒன்றரை மணி நேரத்தில் முழுசா முடிச்சிடுவோம் சார்' என்று ஒருவர் சொன்னால், அவர் தட்டப்போவதில்லை. தோள் உயரத்தில் சுவருக்கு நாலு இடத்தில் தொட்டுவிட்டுப் போவார். பூச்சு விடுவதோ பெரும்பாலும் பீமுக்கு அடியிலும் ஜன்னல் மேல்மூலையிலும், அதாவது தோளுக்கு மேலே.

தட்டும் கருவி பெரிய விஷயமில்லை. நுனியில் எஃகு உருண்டை உள்ள, நீட்டி மடக்கும் கம்பி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதைச் சுவரில் இழுத்துக்கொண்டே போனால் நல்ல பூச்சில் 'கிர்ர்' என்று ஒரே சீராக ஓடும். பூச்சு விட்ட இடத்தில் 'டொப டொப' என்று குரல் மாறும். ஐந்து ரூபாய் நாணயமும் இதைச் செய்யும், கை வலிக்கும் அவ்வளவுதான். காதுதான் கருவி. பழக்கமில்லாத காது மூன்று இடத்தில் ஏமாறும். மின்குழாய் போன தடத்தில் சத்தம் மாறும், அது குறையாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. கதவுச் சட்டத்தின் ஓரத்திலும் அப்படியே. ஏஏசி பிளாக் எனப்படும் எடைகுறைந்த, காற்றுத்துளை நிறைந்த கல்லில் கட்டிய சுவர் மொத்தமாகவே செங்கல்லை விட மந்தமாகத்தான் ஒலிக்கும். அதனால் விவரம் தெரிந்தவர் முதலில் சந்தேகமில்லாத ஒரு இடத்தைத் தட்டிக் காதைப் பழக்கிக்கொண்டு பிறகுதான் ஆரம்பிப்பார். வந்த ஆள் இதைச் செய்கிறாரா என்று பார்த்தாலே தொழில் தெரியுமா தெரியாதா என்பது விளங்கிவிடும்.

இன்னொன்று. சில கட்டடங்களில் தட்டுவதற்கே ஒன்றுமிருக்காது. அலுமினிய ஃபார்ம்வொர்க்கில் சுவரையும் தளத்தையும் ஒன்றாகக் கான்கிரீட்டாகவே வார்த்துவிடும் கட்டடங்களில், மிவான் என்று சைட்டில் சொல்கிறார்களே அதில், உள்சுவருக்குச் சிமெண்ட் பூச்சே கிடையாது. கான்கிரீட் மேல் நேராகப் பட்டிதான். அங்கே பார்க்க வேண்டியது ஃபார்ம்வொர்க்கைக் கட்டிய கம்பித் துளைகளை ஒழுங்காக அடைத்திருக்கிறார்களா, ஜன்னலைச் சுற்றி நீர் இறங்குகிறதா என்பவை. எந்த வகைக் கட்டடம் என்று கேட்காமலேயே 'பூச்சுச் சோதனை' என்று தனியாகக் கட்டணம் போடும் சேவையை அந்த இடத்திலேயே விட்டுவிடலாம்.

தட்டியதில் குறித்த எல்லா இடத்தையும் உடைக்கச் சொல்வது அறியாமை. நல்ல பரிசோதகரின் அடையாளமே எதை விடலாம் என்று சொல்லத் தெரிவது. சுவர் நடுவே உள்ளங்கை அளவுக்கும் குறைவாக, வெடிப்பு எதுவும் இல்லாமல் டொப்புச் சத்தம் வந்தால் விட்டுவிடலாம். உடைத்து ஒட்டுப்போட்டால் அதைவிட அசிங்கமாகும். ஆனால் சீலிங்கில் எந்த அளவானாலும் விடக் கூடாது. அது தலையில் விழக்கூடிய சங்கதி. வெளிச்சுவரின் உட்பக்கம், ஜன்னல் மூலைகள், குளியலறையை ஒட்டிய சுவரின் கீழ் ஓரடி, இங்கேயும் சின்னதையும் எடுக்கச் சொல்ல வேண்டும். இந்த இடங்களில் விலகிய பூச்சுக்குப் பின்னால் ஈரம் தங்கும், உப்புப் பூக்கும், பெயிண்ட் கொப்பளிக்கும். அலமாரியும் சமையலறை மேல்பெட்டியும் தொங்கவேண்டிய சுவர் என்றால் அங்கேயும் தயவு பார்க்க வேண்டாம். திருகு பிடிக்கவேண்டிய இடம் அது.

பூச்சு ஏன் விடுகிறது என்பது தெரிந்தால் எங்கே தட்ட வேண்டும் என்பதும் தெரியும். முதல் குற்றவாளி கான்கிரீட் முகம். பில்லரும் பீமும் பலகையில் வார்த்ததால் வழவழப்பாக இருக்கும், மேலே பலகை ஒட்டாமலிருக்கத் தடவிய ஷட்டரிங் எண்ணெய் வேறு. உளியால் நெருக்கமாகக் கொத்திவிட்டு, கழுவி, சிமெண்ட் பால் அடித்துப் பூசினால்தான் பிடிக்கும். கொத்துவது தனிக் கூலி, அதனால் முதலில் காணாமல்போவது அதுதான். இரண்டாவது, காய்ந்த செங்கல். முந்தைய நாளே சுவரை நனைக்காவிட்டால் கலவையிலுள்ள தண்ணீரைச் செங்கல் உறிஞ்சிக்கொள்ளும், சிமெண்ட் இறுகத் தண்ணீர் மிஞ்சாது. மூன்றாவது, ஒரே கையில் கனமாகப் பூசுவது. உட்சுவருக்கு 12 மி.மீ., செங்கல் மட்டமில்லாத பக்கத்துக்கு 15 மி.மீ. வழக்கம். சுவர் தூக்குக்குண்டுக்கு நிற்காமல் சாய்ந்திருந்தால் அந்தக் கோணலை மறைக்க 25, 30 மி.மீ. வரை ஒரே மூச்சில் அப்பிவிடுவார்கள். அந்தக் கனம் தன் எடையிலேயே இறங்கி விலகும். நான்காவது, காலையில் கலந்து மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் தண்ணீர் தெளித்துத் தெளித்துப் பயன்படுத்திய கலவை. ஐந்தாவதைச் சொல்லவே வேண்டாம்: ஏழு நாள் தண்ணீர் காட்டவேண்டிய, அதாவது ஈரம் காயாமல் நனைத்துவரவேண்டிய சுவருக்கு இரண்டே நாள் காட்டியது.

பூச்சுக்குள் போன மணலின் தரத்தைச் சாவி வாங்கும் நேரத்தில் சோதிக்க முடியாது என்று பலர் நினைக்கிறார்கள். முடியும். பட்டி படாத இடங்கள் ஒவ்வொரு வீட்டிலும் உண்டு: பரண் உட்பக்கம், சமையல் மேடைக்கு அடி, ஃபால்ஸ் சீலிங்கின் திறப்புக்கு மேலே, குழாய் ஓடும் டக்ட். அங்கே வீட்டுச் சாவியின் முனையால் அழுத்திக் கீற வேண்டும். மெல்லிய வெள்ளைக் கோடு விழுந்தால் சரி. பள்ளம் விழுந்து மணல் பொலபொலவென்று உதிர்ந்தால் சிமெண்ட் குறைவு, அல்லது மணலில் தூசியும் சவுடும் அதிகம், அல்லது நீர் காட்டாமல் காய்ந்தது. மூன்றில் எதுவானாலும் பட்டிக்குக் கீழே அறை முழுக்க அதே கதைதான். ஒரு நிமிட வேலை; கருவி செலவு பூஜ்யம். ஆனாலும் இந்தச் சேவைகளின் சோதனைப் பட்டியல்களில் இதை அரிதாகவே பார்க்க முடிகிறது. பரணில் ஏறத் தயாராக இருக்கும் ஆளா என்று கேட்டுப் பாருங்கள்.

வெடிப்புகளில் அறிக்கைகள் அதிகமாகச் சொதப்புகின்றன. கண்ணில் பட்டதையெல்லாம் 'ஹேர்லைன் கிராக்' என்று எழுதித் தள்ளுவது வழக்கம். இது வாங்குபவருக்கே பாதகம். பல பில்டர் ஒப்பந்தங்களில் மயிரிழை வெடிப்புகளுக்குப் பொறுப்பில்லை என்று ஒரு வரி இருக்கும். அந்தச் சொல்லை நாமே எழுதிக் கொடுத்தால் அதைக் காட்டியே கைகழுவுவார்கள். பெயர் எழுதாமல் அகலத்தை எழுத வேண்டும். இந்தியத் தர நிர்ணய அமைப்பு 1984-ல் வெளியிட்ட எஸ்.பி. 25 என்ற வெடிப்புக் கையேடு 1 மி.மீ.க்குக் குறைந்ததை மெல்லியது, 1 முதல் 2 வரை நடுத்தரம், 2-க்கு மேல் அகன்றது என்று பிரிக்கிறது. அளக்கச் சட்டைப்பையிலேயே கருவி இருக்கிறது: ஏடிஎம் அட்டையின் தடிமன் 0.76 மி.மீ. அட்டையின் ஓரம் வெடிப்புக்குள் இறங்கினால் அதை மயிரிழை என்று சொல்லி முடித்துவிட முடியாது.

அகலத்தைவிட வடிவம் அதிகம் பேசும். வறண்ட ஏரிபோல வலைவலையாக வெடித்திருந்தால் மேலே தூள் சிமெண்ட் தூவி வழவழவென்று தேய்த்திருக்கிறார்கள் என்று பொருள். தட்டிப் பார்த்து டொப்புச் சத்தம் இல்லையென்றால் ப்ரைமரும் பட்டியும் போதும். பீமுக்கும் சுவருக்கும் நடுவே, அல்லது பில்லர் ஓரமாக, அளவுகோல் வைத்துக் கிழித்த மாதிரி நேர்கோடாக வந்தால், இரண்டு பொருளும் வெயிலுக்கு ஒரே மாதிரி விரிவதில்லை என்பதுதான் காரணம். பூசுமுன் அந்த மூட்டில் இரண்டு பக்கமும் 15 செ.மீ. ஏறும்படி கோழிவலையோ ஃபைபர் வலையோ ஆணியடித்துப் பூசியிருக்க வேண்டும். சுவிட்ச் பெட்டியிலிருந்து மேலே நேராக ஏறும் வெடிப்பு, குழாய் புதைத்த காடியை வலை போடாமல் மூடியதால் வருவது. மேல்மாடி வீடுகளில் தளத்துக்குச் சற்றுக் கீழே சுவரைச் சுற்றிலும் படுக்கை வெடிப்பு ஓடினால் மொட்டைமாடித் தளம் வெயிலில் விரிந்து சுவரைத் தள்ளுகிறது. கத்திரி வெயிலில் வாய் திறக்கும், மார்கழியில் மூடிக்கொள்ளும். பட்டி பார்த்து இதை ஜெயிக்க முடியாது. மாடியில் வெயிலைத் திருப்பும் குளிர்ச்சி ஓடுகளைப் பதித்து வெப்பத்தைக் குறைத்து, மூட்டில் நெகிழும் சீலன்ட் போட வேண்டும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்பி, சுவரின் மறுபக்கமும் அதே இடத்தில் தெரிகிற வெடிப்பு பூச்சுக் குறையே இல்லை. அதற்குக் கட்டமைப்புப் பொறியாளர் வேண்டும். அதைப் பூச்சுத் தலைப்பில் சேர்த்து எழுதும் அறிக்கை வாங்குபவரைத் தப்பான வழியில் அனுப்புகிறது.

மட்டம் பார்ப்பதில் லேசர் கருவியின் பச்சைக்கோடு பார்க்க அழகாக இருக்கும். இரண்டு மீட்டர் அலுமினிய மட்டப் பலகையும் தூக்குக்குண்டும் சொல்லாத எதையும் அது சொல்லப்போவதில்லை. பலகையைச் சுவரில் நேராக, குறுக்காக, மூலைக்கு மூலை சாய்வாக என்று மூன்று விதமாக வைத்து இடைவெளியில் நாணயத்தைச் செருகிப் பார்க்க வேண்டும். இரண்டு மீட்டருக்கு 3 மி.மீ. வரை கண்ணை மூடிக்கொள்ளலாம். 5-ஐத் தாண்டினால் மாலை வெயில் சுவரில் சாய்ந்து விழும்போது அலை அலையாகத் தெரியும். பகலில் இது தெரியாமல் இருப்பதற்கு ஜன்னல் வெளிச்சம் நேராக விழுவதே காரணம். விளக்கை அணைத்து, டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து அடித்தால் ஒவ்வொரு மேடும் நிழல் போடும். மாலை ஆறரைக்கு மேல் வரச் சம்மதிக்கும் பரிசோதகர் கிடைத்தால் விடாதீர்கள்.

மூலை மட்டத்தை எல்லா அறையிலும் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம். சமையலறையிலும் அலமாரி வரப்போகும் மூலையிலும் மட்டும் கறாராக இருக்க வேண்டும். மூலையிலிருந்து ஒரு சுவரில் 90 செ.மீ., மறுசுவரில் 120 செ.மீ. குறித்து, இரண்டு புள்ளிக்கும் நடுவே அளந்தால் 150 வர வேண்டும். 151 வந்தால் மூலை விரிந்திருக்கிறது. கிரானைட்டை நேராக வெட்டிக்கொண்டு வருவார்கள், சுவரோரம் ஆப்பு வடிவில் சந்து விழும். மாடுலர் கிச்சன்காரர் 'சுவர் கோணல், நாங்க என்ன பண்றது' என்பார்; பில்டர் 'சாவி வாங்கும்போது சொல்லியிருக்கலாமே' என்பார். இரண்டு பேர் சொல்வதும் சரி.

ஈரம் பார்க்கும் மீட்டர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. இரண்டு ஊசி உள்ள மலிவு மீட்டர்கள் மரத்துக்கென்று அளவு குறித்தவை. சிமெண்ட் பூச்சில் அது காட்டும் சதவீதத்துக்குத் தனியாக எந்த அர்த்தமும் இல்லை. உப்புப் பூத்த சுவர் காய்ந்திருந்தாலும் எண் எகிறும். 'ஈரப்பதம் 18 சதவீதம், ஆபத்து' என்று சிவப்பில் எழுதியிருந்தால் பயப்பட வேண்டாம். அதே அறையில் சந்தேகமில்லாத உட்சுவரில் எவ்வளவு வந்தது என்று கேளுங்கள். இரண்டையும் ஒப்பிட்டு எழுதியிருந்தால் மட்டுமே அது சோதனை. வெப்பக் கேமராவும் அப்படித்தான். ஈரம் ஆவியாகும் இடம் குளிர்ந்து நீலமாகத் தெரியும். ஆனால் நாலு மாதமாக மழையே இல்லாத ஏப்ரலில் சும்மா படம்பிடித்தால் என்ன தெரியும்? வெளியிலிருந்து ஜன்னல் ஓரத்தில் ஹோஸ் பைப்பால் 20 நிமிடம் தண்ணீர் அடித்து, குளியலறைத் தரையில் 24 மணி நேரம் நீர் தேக்கி, அதன்பின் கேமராவைத் திருப்பினால் பயன் உண்டு. நீர் தேக்காமல் கேமரா மட்டும் காட்டும் சேவைக்குக் கூடுதல் கட்டணம் கொடுப்பது வண்ணப்படத்துக்குக் கொடுப்பது. கையில் தேர்வு இருந்தால் சோதனையை வடகிழக்குப் பருவமழை ஒரு சுற்றுப் பெய்தபின் நவம்பரிலோ டிசம்பரிலோ வைத்துக்கொள்வதே மேல். சென்னை மழையைவிடக் கடுமையான பரிசோதகர் இல்லை.

ஜிப்சம் பூச்சு போட்ட வீடுகளுக்கு அளவுகோல் வேறு. உட்சுவரில் அது பார்க்க நேர்த்தி, தண்ணீர் காட்ட வேண்டாம், சுருக்க வெடிப்பும் குறைவு. 25 கிலோ மூட்டை 12 மி.மீ. கனத்தில் சுமார் 20 சதுர அடிக்கு வரும். ஈரம்தான் அதற்கு எமன். குளியலறைக்குள், சமையலறைத் தொட்டிக்குப் பின்னால், பால்கனியில் ஜிப்சம் போட்டிருந்தால் வேறு பேச்சே இல்லாமல் எடுக்கச் சொல்லலாம். நகத்தால் கீறினால் சாக்பீஸ் மாதிரி பள்ளம் விழுந்தால் ஜிப்சம். சிமெண்டில் நகம்தான் தேயும்.

இனி அறிக்கை. 'படுக்கையறையில் பூச்சு சரியில்லை' என்ற வரியால் யாருக்கும் பயனில்லை. சைட் மேற்பார்வையாளர் ஒரு ஆளை அனுப்பி எங்கேயோ பட்டி தடவி 'முடிந்தது' என்று டிக் அடிப்பார். வரி இப்படி இருக்க வேண்டும்: பெரிய படுக்கையறை, மேற்குச் சுவர், ஜன்னலின் இடது மேல்மூலை, தரையிலிருந்து 2.1 மீ. உயரம், 45-க்கு 30 செ.மீ. பரப்பில் பூச்சு விட்டிருக்கிறது, வெட்டியெடுத்து மறுபூச்சு, படம் எண் இத்தனை. அந்த இடத்தைச் சுவரிலும் மறைப்பு நாடா (மாஸ்கிங் டேப்) ஒட்டி எண் போட்டிருக்க வேண்டும். தீர்வையும் சேர்த்து எழுதித் தருகிறார்களா என்பதுதான் இந்தச் சேவைகளைத் தரம்பிரிக்கும் இடம். பலர் குறையைச் சொல்வதோடு நின்றுவிடுகிறார்கள். தீர்வை எழுதாவிட்டால் பில்டரின் ஆள் தனக்குச் சுலபமான தீர்வைப் போட்டுக்கொள்வார்.

சரியான தீர்வு இது. பூச்சு விட்ட எல்லைக்கு வெளியே 5 செ.மீ. தள்ளி கட்டர் மெஷினால் சதுரமாகக் கோடு போட வேண்டும். சுத்தியலால் மட்டும் உடைத்தால் அதிர்வில் பக்கத்துப் பூச்சும் விடும். உள்ளே முழுக்கக் கொத்தியெடுத்து, செங்கல் மூட்டுகளை 10 மி.மீ. ஆழத்துக்குச் சுரண்டி, தூசி போகக் கழுவ வேண்டும். கான்கிரீட் முகமானால் நெருக்கமாகக் கொத்து. பிறகு லேடெக்ஸ் கலந்த சிமெண்ட் பாலை, டப்பாவில் போட்டிருக்கும் விகிதத்தில், பிரஷ்ஷால் அடிக்க வேண்டும். அது பிசுபிசுவென்று இருக்கும்போதே கலவை ஏற வேண்டும். காய்ந்தபின் பூசினால் ஒட்டவைக்க அடித்ததே பிரித்துவைக்கும் படலமாகிவிடும். கலவை ஒரு பங்கு சிமெண்டுக்கு ஐந்து பங்கு மணல், சீலிங்கானால் நான்கு பங்கு; மணல், பூச்சுக்கென்று கல்லை அரைத்துச் செய்யும் பி-சாண்ட், சலித்தது. பள்ளம் 12 மி.மீ.க்கு மேல் இருந்தால் இரண்டு கையாக, முதல் கையைக் கீறிவிட்டு மறுநாள் அடுத்தது. ஏழு நாள் தண்ணீர். அதன்பின் இரண்டு மூன்று வாரமாவது காயவிட்டுத்தான் பட்டி, மழைக்காலமானால் இன்னும் கூட. பொருள் செலவு ஒன்றுமேயில்லை: ஒரு சதுர மீட்டருக்குச் சிமெண்ட் 4 கிலோ, மணல் அரை கன அடி. தகராறு முழுக்க ஆள்கூலிக்கும் நாளுக்கும்தான்.

அந்த நாளை மிச்சம்பிடிக்க மூன்று குறுக்குவழி உண்டு. ஒன்று, வெட்டிய இடத்தை பிளாஸ்டர் ஆஃப் பாரிஸால் அடைப்பது. அரை மணியில் இறுகிவிடும், சாயங்காலமே பெயிண்ட் அடிக்கலாம். நனைத்து நகத்தால் கீறினால் குட்டு வெளிப்படும். இரண்டு, வெட்டாமலேயே கனமாகப் பட்டி போடுவது. சிமெண்ட் பட்டி இரண்டு கையும் சேர்ந்து ஒன்றரை மி.மீ.க்குள் இருக்கவேண்டிய பொருள். பள்ளம் நிரப்ப அப்பினால் அப்பளமாக உரியும். மூன்று, துளைபோட்டு உள்ளே சிமெண்ட் பாலையோ எபாக்சியையோ செலுத்துவது. சுவரில் சின்னப் பரப்புக்கு இதை ஏற்கலாம். சீலிங்கில் கூடாது. 'பெயிண்ட் அடிச்சா தெரியாது சார்' என்பதுதான் மூன்றுக்கும் பொதுவான சமாதானம். தெரியும். ஒட்டுப்போட்ட இடத்தில் மட்டும் பெயிண்ட் அடித்தால் பகலில் திட்டாகப் பல்லிளிக்கும். மூலையிலிருந்து மூலைவரை முழுச் சுவரும் அடிக்க வேண்டும் என்று பட்டியலிலேயே எழுத வேண்டும்.

ஆக, ஒரு ஒட்டுக்கு நியாயமாக ஒரு மாதம். சட்டம் கொடுக்கும் அவகாசமும் கிட்டத்தட்ட அதுவே. வீடு, மனை விற்பனையை ஒழுங்குபடுத்தும் 2016-ம் ஆண்டு ரெரா சட்டத்தின் 14(3) பிரிவுப்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் கட்டமைப்புக் குறையோ வேலைத்தரக் குறையோ சொன்னால் 30 நாளுக்குள் கட்டணமில்லாமல் சரிசெய்ய வேண்டியது பில்டரின் கடமை. 'சாவி வாங்கிட்டா அப்புறம் ஒண்ணும் கேட்க முடியாது' என்று பயமுறுத்திச் சேவையை விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை. மறுபக்கமும் உண்டு: பயன்பாட்டுச் சான்று வந்து இரண்டு மாதத்துக்குள் வீட்டை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று 19(10) சொல்கிறது. குறைப்பட்டியலை வைத்துக்கொண்டு ஆறு மாதம் இழுத்தடிக்க முடியாது. பட்டியலை மின்னஞ்சலில் அனுப்பி, ஒப்படைப்புக் கடிதத்தில் 'இணைத்துள்ள பட்டியலுக்கு உட்பட்டு' என்று கைப்பட எழுதிக் கையெழுத்திடுவதே நடைமுறை. பிற்பாடு புகார் என்று போனால் தேதியும் அளவும் உள்ள அந்தத் தாளுக்கு மதிப்பு அதிகம்.

எந்தக் கட்டத்தில் கூப்பிடுவது என்பதில் பெரும்பாலோர் பிந்திவிடுகிறார்கள். கடைசிக் கை பெயிண்டும் அடித்து, துடைத்து, பூஜை தேதி குறித்தபின் தட்டினால், உடைக்கச் சொல்ல நமக்கே மனம் வராது. ப்ரைமரும் முதல் கை பெயிண்டும் முடிந்த நிலையில் முன்பார்வைக்கு அனுமதி கேட்டால் பல பில்டர்கள் தருகிறார்கள். அப்போது ஒட்டுப்போடுவது அவர்களுக்கும் மலிவு. சொந்த மனையில் ஒப்பந்தக்காரரை வைத்துக் கட்டுபவர்களுக்கு இந்தச் சேவை இந்த வடிவில் தேவையே இல்லை. அதே பணத்தில் பூசும் நாட்களில் ஒரு பொறியாளரை இரண்டு முறை வரச்சொல்லி, கொத்தியிருக்கிறார்களா, வலை போட்டிருக்கிறார்களா, சுவரை நனைத்திருக்கிறார்களா என்று பார்க்கச் சொல்லலாம்.

கையில் நேரமும் ஏணியும் உள்ளவர்கள் முதல் சுற்றைத் தாங்களே செய்யலாம். உருண்டைக் கம்பி, மட்டப் பலகை, தூக்குக்குண்டு, டார்ச், பென்சில், மறைப்பு நாடா. இரண்டு பேர், ஒரு ஞாயிற்றுக்கிழமை. அப்படிச் செய்பவர்கள் சேவையை இரண்டாம் சுற்றுக்கு மட்டும் பேசிப் பார்க்கலாம். முழுத் தொகுப்பு வாங்குபவர்கள், மறுபரிசோதனை அந்தத் தொகைக்குள் அடக்கமா, தனியா என்பதை முதல் நாளே எழுத்தில் வாங்க வேண்டும். தனி என்று சிறிய எழுத்தில் போட்டிருக்கும் விலைப்பட்டியல்கள் உண்டு. அதே நிறுவனம் வாட்டர்ப்ரூஃபிங்கோ இன்டீரியரோ செய்கிறதா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். செய்கிறது என்றால் அறிக்கையில் ஈரம் கொஞ்சம் அதிகமாகவே இருக்கும்.

மறுபரிசோதனைக்கு வருபவர் பழைய படங்களைக் கையில் வைத்துக்கொண்டு, ஒட்டுப்போட்ட இடத்தை மட்டுமல்லாமல் அதைச் சுற்றி ஒரு முழம் வரை தட்ட வேண்டும். கட்டர் போடாமல் சுத்தியலால் உடைத்திருந்தால் புது டொப்பு அங்கேதான் பிறந்திருக்கும்.